இருதய வைத்தியரும் கேள்விச் சீட்டும்

புடவைக் கடைக்குப் போகும் நம் வீட்டு ஸ்திரீகளைக் கவனித்திருப்பீர்கள். சாயம் போகுமா, சரிகை கறுக்குமா, தோய்த்தால் சுருங்குமா, பிடிக்காவிட்டால் மாற்றிக் கொடுப்பீர்களா என்று அவர்கள் கேட்கும் கேள்விகளில் கடைக்காரர் திணறிப் போவார். புருஷர்கள் மட்டும் சளைத்தவர்களா? கால் கிரவுண்டு மனை வாங்குவதென்றால் முப்பது வருஷத்து வில்லங்கத்தைத் துருவிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டார்கள்.

அதே தம்பதிகள் இருதய நிபுணரின் அறைக்குள் நுழைந்து உட்கார்ந்ததும் என்ன ஆகிறது? "நாளை மறுநாள் ஆஞ்சியோ செய்துவிடலாம். ஏதாவது கேட்க வேண்டுமா?" என்கிறார் டாக்டர். "ஒன்றுமில்லை, டாக்டர். தாங்கள் பார்த்து எது செய்தாலும் சரி" என்று இருவரும் ஏககாலத்தில் எழுந்துவிடுகிறார்கள். மாடிப்படி இறங்கும்போதுதான், "ஆமாம், சர்க்கரை மாத்திரையை அன்று சாப்பிடலாமா?" என்ற முதல் கேள்வி பிறக்கிறது. வீட்டு வாசலை மிதிப்பதற்குள் அது பத்தாகிவிடுகிறது. பதில் சொல்ல வேண்டியவரோ அதற்குள் வேறு ஐந்து நோயாளிகளைப் பார்த்து முடித்திருப்பார்.

இதற்குக் காரணம் அறியாமை அன்று. பாதி பயம், பாதி மரியாதை. வைத்தியரைக் கேள்வி கேட்பது அவருடைய திறமையைச் சந்தேகிப்பதாகும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் வேரூன்றிப் போயிருக்கிறது. உண்மையில் நல்ல டாக்டர்கள் கேள்விகளை விரும்புகிறார்கள். நோயாளிக்கு எது விளங்கவில்லை என்பதை அவர்கள் ஜோசியம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதல்லவா? ஆகவே, இருதய சம்பந்தமான சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் முதலில் ஒரு காகிதத் துண்டையும் பென்சிலையும் எடுத்துக்கொள்வது நலம். அதில் என்ன எழுதலாம் என்பதைப் பற்றிச் சிறிது யோசிப்போம்.

தம் கையிலேயே செலுத்திய குழாய்

அதற்கு முன்பு, இந்தச் சிகிச்சை எப்படிப் பிறந்தது என்பதையும் தெரிந்துகொள்ளலாம். ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற சிறு பட்டணத்து ஆஸ்பத்திரியில் 1929-ம் வருஷம் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் வேலை பார்த்து வந்தார். கையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றைச் செலுத்தி இருதயத்தையே எட்டிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். மேலதிகாரி கண்டிப்பாக அனுமதி மறுத்துவிட்டார். கெர்டா டிட்ஸன் என்ற நர்ஸ் அம்மாள், பரிசோதனைக்குத் தன்னையே உட்படுத்திக்கொள்ளச் சம்மதித்தாள். அவளை மேஜையில் படுக்க வைத்துக் கட்டிவிட்டு, ஃபோர்ஸ்மன் செய்த காரியம் என்ன தெரியுமா? குழாயைத் தம் கையிலேயே செலுத்திக்கொண்டார்! பிறகு அதே கோலத்தில் படியிறங்கி எக்ஸ்-ரே அறைக்கு நடந்து போய்ப் படமும் எடுத்துக்கொண்டார். குழாயின் நுனி இருதயத்தின் வலப்புறத்து மேல் அறையில் இருப்பதைப் படம் காட்டிற்று.

அன்று அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் கண்டனமே. இருபத்தேழு வருஷங்களுக்குப் பிறகு, 1956-ல், அந்த முறையை அமெரிக்காவில் வளர்த்த கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்ற இருவருடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1977-ம் வருஷம் செப்டம்பர் 16-ந் தேதி ஸ்விட்ஸர்லாந்தில் ஜூரிச் நகரத்தில் ஆன்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் என்ற டாக்டர், குழாயின் நுனியில் சிறு பலூனைப் பொருத்தி, அடைபட்டிருந்த இருதய ரத்தக் குழாயை விரித்துவிட்டார். நோயாளி அப்போது விழித்துக்கொண்டிருந்தார். விரித்த இடம் மறுபடியும் சுருங்காதபடி உள்ளே நிறுத்தும் உலோக வலைச் சுருளாகிய 'ஸ்டென்ட்' 1986-ல் வந்தது.

பார்ப்பது வேறு, பழுது பார்ப்பது வேறு

மேலே சொன்ன சரித்திரத்தில் இரண்டு தனித்தனிக் காரியங்கள் இருப்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். குழாயைச் செலுத்தி, எக்ஸ்-ரேயில் தெரியக்கூடிய மருந்தைப் பாய்ச்சி, இருதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் நாளங்களில் அடைப்பு எங்கே இருக்கிறது என்று படம் பிடிப்பது ஆஞ்சியோகிராம். இது பார்ப்பது. பலூனை விரித்து ஸ்டென்ட் வைப்பது ஆஞ்சியோபிளாஸ்டி. இது பழுது பார்ப்பது. பேச்சு வழக்கில் இரண்டையும் 'ஆஞ்சியோ' என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

பல இடங்களில் இவ்விரண்டையும் ஒரே தடவையில் செய்துவிடுவது உண்டு. அதில் சௌகரியம் இல்லாமலில்லை. ஒரு தடவை துளை போட்டால் போதும். ஒரு தடவை பட்டினி கிடந்தால் போதும். ஆனால் எவ்வளவு பெரிய தீர்மானத்தை எவ்வளவு சிறு அவகாசத்தில் செய்ய வேண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். நோயாளி மேஜையில் படுத்திருக்கிறார். அமைதிக்காகக் கொடுத்த மருந்தில் பாதிக் கண் மூடியிருக்கிறது. வெளியே பெஞ்சில் அமர்ந்து ஸ்ரீராமஜயம் சொல்லிக்கொண்டிருந்த மனைவியை உள்ளே அழைக்கிறார்கள். திரையில் ஏதோ கறுப்புக் கோடுகள் துடிக்கின்றன. "இதோ பாருங்கள், அம்மா! தொண்ணூறு சதவிகிதம் அடைப்பு. இரண்டு ஸ்டென்ட் வைக்க வேண்டும். இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்கள். அந்த நிமிஷத்தில் "ஏன்?" என்று கேட்கத் தைரியமுள்ளவர்கள் நூற்றில் எத்தனை பேர்?

ஆகையால், கேள்விச் சீட்டில் முதல் வரியாக எழுத வேண்டியது இதுதான்: "அடைப்பு இருந்தால் அப்போதே ஸ்டென்ட் வைத்துவிடுவீர்களா? அல்லது படம் மட்டும் எடுத்துவிட்டு, பிறகு எங்களுடன் கலந்து பேசுவீர்களா?" இந்தக் கேள்வியைச் சிகிச்சைக்கு முதல் நாளே கேட்டுவிட வேண்டும். இரண்டு வழிகளும் நியாயமானவைதான். எது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வதுதான் முக்கியம்.

சட்டமும் இதில் நோயாளியின் பக்கமே நிற்கிறது. 2008-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் நம் தேசத்தின் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் தெளிவான தீர்ப்பு அளித்தது. அது இருதய சம்பந்தமான வழக்கு அன்று. ஆனால் அதில் கூறப்பட்ட தத்துவம் எல்லாச் சிகிச்சைகளுக்கும் பொருந்துவது. பரிசோதனைக்காக மட்டும் நோயாளி கொடுத்த சம்மதம், சிகிச்சைக்கும் கொடுத்த சம்மதம் ஆகாது. உயிருக்கு ஆபத்து நேர்ந்து, தாமதிப்பது தகாது என்ற நிலையில் மட்டுமே இதற்கு விலக்கு உண்டு. எனவே, சம்மதப் பத்திரத்தை மேஜைக்குப் போகும் வழியில் நீட்டும்வரை காத்திராமல், முதல் நாளே வாங்கி ஒரு முறை முழுதும் படித்துவிடுங்கள். அதில் ஆஞ்சியோகிராம் மட்டும் எழுதியிருக்கிறதா, ஆஞ்சியோபிளாஸ்டியும் சேர்ந்திருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இது எதற்காக?

இரண்டாவது கேள்வி இன்னும் எளிமையானது. ஆனால் கேட்பதற்கு அதிகத் துணிவு வேண்டும். "இந்தச் சிகிச்சையினால் எனக்கு ஆயுள் கூடுமா, அல்லது வலி குறையுமா?"

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஒன்றல்ல. மாரடைப்பு வந்து துடிப்பவருக்கு உடனே அடைப்பை நீக்குவது உயிரைக் காக்கும் காரியம். அதில் விவாதத்துக்கே இடமில்லை. ஆனால் பல மாதங்களாக மாடி ஏறினால் மார்பில் இறுக்கம், உட்கார்ந்தால் நிவர்த்தி என்று ஒரே நிலையில் இருப்பவரின் விஷயம் வேறு. 37 தேசங்களில் 5,179 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு, 2020-ல் வெளியான 'இஸ்கீமியா' என்ற ஆராய்ச்சி இதைத்தான் விசாரித்தது. மருந்துகளோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸும் சேர்த்துச் செய்துகொண்டவர்களுக்கும், முதலில் மருந்துகளை மட்டும் கொண்டு சமாளித்தவர்களுக்கும், மரண விகிதத்தில் வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் அடிக்கடி மார்வலி கண்டவர்களுக்கு, சிகிச்சை செய்துகொண்ட பிறகு வலி நன்றாகக் குறைந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும், "எனக்கு ஸ்டென்ட் வேண்டியதில்லை" என்று தாமாகவே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள வேண்டாம். இடப்புறத்துப் பிரதான நாளத்தில் பெரிய அடைப்பு உள்ளவர்களும், இருதயம் மிகவும் பலவீனப்பட்டவர்களும், மருந்துக்கு அடங்காத வலியுள்ளவர்களும் அந்த ஆராய்ச்சியில் சேர்க்கப்படவில்லை. நாம் எந்த வகுப்பைச் சேர்ந்தவர் என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும். சொல்லும்படி கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

நடு வழியும் ஒன்று உண்டு. படத்தில் அடைப்பு நடுத்தரமாகத் தெரிந்தால், அதற்கு அப்பால் ரத்தத்தின் அழுத்தம் உண்மையில் குறைகிறதா என்பதை மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி அளந்துவிடலாம். "அளந்து பார்த்துத் தீர்மானிப்பீர்களா, டாக்டர்?" என்று கேட்பது தவறில்லை.

ஸ்டென்டா, பைபாஸா?

மூன்று நாளங்களிலும் அடைப்பு என்றால் ஸ்டென்ட் வைப்பதோடு பைபாஸ் என்னும் ரண சிகிச்சையும் ஒரு மாற்று வழியாகும். காலிலிருந்தோ மார்பிலிருந்தோ வேறு குழாயை எடுத்து, அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்குப் புதுப் பாதை போடுவது அது. மார்பைத் திறப்பது என்றவுடன் குடும்பமே நடுங்கும். "அதெல்லாம் வேண்டாம், டாக்டர், ஸ்டென்டே வைத்துவிடுங்கள்" என்று நாமே மன்றாடுவதும் உண்டு.

ஆனால் சர்க்கரை வியாதியும் பல நாள அடைப்பும் சேர்ந்து உள்ளவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். 2012-ல் வெளியான 'ஃப்ரீடம்' என்ற ஆராய்ச்சியில், அத்தகையவர்களிடையே பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு மரணமும் மாரடைப்பும் குறைவாகவே நேர்ந்தன. பக்கவாதம் மட்டும் சற்று அதிகமாக இருந்தது. எனவே, "இருதய வைத்தியரும் ரண சிகிச்சை நிபுணரும் சேர்ந்து என் படத்தைப் பார்ப்பார்களா?" என்ற கேள்வியைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வேறொரு டாக்டரின் அபிப்பிராயம் வேண்டுமானால், ஆஞ்சியோகிராம் படத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வைத்தியக் குறிப்புகளைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மெடிகல் கவுன்ஸிலின் 2002-ம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. அது சலுகையன்று; உரிமை.

நாம் சொல்ல வேண்டியவை

கேள்வி கேட்பது மட்டும் போதாது. கேட்காமலே சொல்ல வேண்டிய சங்கதிகளும் உண்டு. சீட்டின் பின்பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

படம் எடுப்பதற்காகப் பாய்ச்சும் மருந்தில் அயோடின் இருக்கிறது. முன்பு ஸ்கான் எடுத்தபோது அத்தகைய மருந்தினால் உடம்பெல்லாம் தடித்ததுண்டா, மூச்சுத் திணறியதுண்டா என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்தை வெளியேற்றும் வேலை மூத்திரக் காய்களைச் சேர்ந்தது. ஆகவே, ரத்தத்தில் 'கிரியாட்டினின்' அளவு பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதைச் சில நாள் நிறுத்த வேண்டுமா என்பதும், இன்ஸுலின் போட்டுக்கொள்கிறவர்கள் பட்டினி நாளில் எவ்வளவு போட்டுக்கொள்வது என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மாத்திரைகளின் பெயர் நினைவில் நிற்காவிட்டால், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த லேகியமும் அந்தப் பையில் இருக்கட்டும். கூச்சத்தினால் புருஷர்கள் மறைக்கும் மருந்து ஒன்றும் உண்டு. இல்லற சுகத்துக்கென்று உட்கொள்ளும் சில மாத்திரைகள், மார்வலிக்குக் கொடுக்கும் நைட்ரேட் மருந்துடன் சேர்ந்தால் ரத்த அழுத்தத்தை அபாயகரமாகத் தாழ்த்திவிடும். மனைவிக்கு முன்னால் சொல்லக் கூச்சமாயிருந்தால், டாக்டரிடம் தனியாகவாவது சொல்லிவிடுவது உத்தமம்.

அபாயமும் அனுபவமும்

"இதில் அபாயம் உண்டா?" என்று கேட்டால், "பயப்படாதீர்கள்" என்ற பதில்தான் கிடைக்கும். கேட்கும் விதத்தைச் சற்றே மாற்றிக்கொள்ளுங்கள்: "என் வயதுக்கும் என் உடம்பு நிலைக்கும், நூறு பேரில் எத்தனை பேருக்கு என்ன நேரக்கூடும்?" பொதுவாக, ஆஞ்சியோகிராமில் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் போன்ற பெரிய அபாயங்கள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. துளை போட்ட இடத்தில் ரத்தம் கட்டுவதுதான் அடிக்கடி நேர்வது. ஸ்டென்ட் வைக்கும்போது அபாயம் சற்று அதிகம். மூத்திரக் காய் கெட்டவர்களுக்கும், தள்ளாத வயதினருக்கும், இருதயம் பலவீனமானவர்களுக்கும் கணக்கு வேறு.

"மணிக்கட்டு வழியாகவா, தொடை வழியாகவா?" என்பதும் நல்ல கேள்விதான். மணிக்கட்டு வழியில் ரத்தப் போக்கு குறைவு; விரைவில் எழுந்து உட்காரலாம். தொடை வழியென்றால் சில மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். துளை போடும் இடத்தை மட்டுமே மரத்துப்போகச் செய்வார்கள். நோயாளி விழித்தே இருப்பார். மருந்து பாயும்போது உடம்பெங்கும் குப்பென்று ஒரு சூடு பரவி, சில விநாடிகளில் மறைந்துவிடும். இதை முன்பே தெரிந்துகொண்டவர், "ஐயோ, ஏதோ ஆகிவிட்டது!" என்று பதற மாட்டார்.

வீடு திரும்பிய பிறகு

ஸ்டென்ட் வைத்த பிறகு, அதன்மேல் ரத்தம் உறைந்துவிடாதபடி ஆஸ்பிரினுடன் க்ளோபிடோக்ரெல் போன்ற மற்றொரு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். நிதானமான நோயுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். மாரடைப்புக்குப் பிறகென்றால் பெரும்பாலும் ஒரு வருஷம். ஆளுக்கு ஆள் இது மாறும். ஆகவே, "எந்த மருந்தை எந்தத் தேதி வரையில்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "உடம்புதான் சௌக்கியமாகிவிட்டதே" என்று தாமாகவே நிறுத்திவிடுவது பெரிய அபாயம். ஸ்டென்டே திடீரென்று அடைபட்டு மாரடைப்பு உண்டாகக்கூடும். பல் பிடுங்குவதானாலும், வேறு ரண சிகிச்சையானாலும், இருதய வைத்தியரைக் கேட்காமல் இம்மருந்துகளை நிறுத்தலாகாது.

எப்போது குளிக்கலாம், எப்போது மாடி ஏறலாம், எப்போது ஆபீஸுக்குப் போகலாம் என்பனவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, எந்த அறிகுறி கண்டால், எந்த நம்பருக்கு டெலிபோன் செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பண விஷயம்

வைத்தியத்தில் பணத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று நினைப்பவர்கள், பின்னால் நகையை அடகு வைக்கும்போது கண் கலங்குகிறார்கள். பேசத்தான் வேண்டும். இந்திய சர்க்கார் 2017-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஸ்டென்டின் விலைக்கு முதன் முதலாக உச்ச வரம்பு விதித்தது. சாதாரண உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், வரி நீங்கலாக. அதற்குப் பின் இந்த வரம்பு அவ்வப்போது மாற்றி அமைக்கப்பட்டு வந்திருக்கிறது. ஸ்டென்டின் விலையையும், அதைத் தயாரித்த கம்பெனியின் பெயரையும் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் அடங்கியதே. ஆனால் வரம்பு ஸ்டென்டுக்கு மட்டுந்தான். அறை வாடகை, பலூன், நிபுணரின் சன்மானம் ஆகியவை வேறு. "எல்லாம் சேர்த்து எவ்வளவு? இரண்டாவது ஸ்டென்ட் தேவைப்பட்டால் எவ்வளவு?" என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேரத் தகுதியுள்ள குடும்பங்கள், அந்த ஆஸ்பத்திரி அத்திட்டத்தில் சேர்ந்ததா என்பதை முன்னாடியே விசாரித்துக்கொள்வது நலம்.

கேள்வி கேட்கக் கூடாத வேளை

இத்தனையும் அவகாசம் உள்ளவர்களுக்கு. நடு மார்பில் பாறாங்கல்லை வைத்தாற் போன்ற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குப்பென்று வியர்த்தல், மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால், காகிதத்தையும் பென்சிலையும் தூக்கி எறிந்துவிட்டு உடனே 108-க்குச் சொல்லுங்கள். ஸ்திரீகளுக்கும் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் வலி அதிகமில்லாமல், குமட்டலும் அசதியுமாகவே வருவதும் உண்டு. வாயு என்று எண்ணிப் பெருங்காயத்தைத் தேடிக்கொண்டிருப்பது தகாது. அந்த நிலையில் ஒவ்வொரு நிமிஷத் தாமதமும் இருதயத் தசையில் ஒரு பகுதியைப் பலி வாங்குகிறது. அப்போது நம்முடைய ஒரே கேள்வி, "எவ்வளவு சீக்கிரம், டாக்டர்?" என்பதுதான்.

சீட்டு எழுதும் முறை

கடைசியாக, சில யோசனைகள். கேள்விகள் இருபது இருந்தாலும், முக்கியமான மூன்றை மேலே எழுதுங்கள். டாக்டரின் நேரம் குறுகியது. "என்னிடம் மூன்று கேள்விகள் இருக்கின்றன" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால், மூன்றும் முடியும்வரையில் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். பட்டினி, குளியல் முதலிய சில்லறை விஷயங்களை நர்ஸ் அம்மாளிடமே கேட்டுக்கொள்ளலாம். நோயாளியுடன் வீட்டில் நிதானம் உள்ளவர் ஒருவர் போகட்டும். பதில்களை எழுதிக்கொள்ளும் வேலை அவருடையது. அழுகிறவரை அழைத்துப் போவதில் பயனில்லை. பதில் விளங்காவிட்டால், "நான் புரிந்துகொண்டது இது, சரிதானா?" என்று நம் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லிக் கேட்கலாம். டாக்டர் சொன்னதற்கும் நாம் புரிந்துகொண்டதற்கும் உள்ள தூரம் அப்போதுதான் வெளிப்படும்.

நோயாளியையும் மறந்துவிடலாகாது. பிள்ளைகளும் மாப்பிள்ளைகளும் டாக்டரைச் சூழ்ந்துகொண்டு பேசும்போது, படுக்கையில் இருக்கும் பெரியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. குழாய் போகப்போவது அவருடைய உடம்பில். முதல் கேள்வியைக் கேட்கும் உரிமையும் அவருக்கே.

ஆகவே, சீட்டை இன்றைக்கே எழுதி, பெரியவரின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். எழுத்து சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும். மூக்குக் கண்ணாடியை எப்படியும் வீட்டில் மறந்துவிட்டுத்தான் போவார்.